புல்லுக்கு ஒன்று

2024 மே 28
சஸ்காட்சுவான், கனடா

நிப்றாஸ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எட்டு வருசத்துக்குப் பிறகு தங்கச்சியின் கையெழுத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள். நான் சுகம். ஒருவரும் மௌத்தாகவில்லை. வாட்ஸ்அப்பில் உங்களை அடைத்து வைத்தது நான்தான். இன்னும் திறக்கவில்லை, திறக்கிற எண்ணமும் இல்லை. போனில் கதைத்தால் இரண்டாவது நிமிசத்தில் இரண்டு பேரும் கத்தத் தொடங்கிவிடுவோம், கடிதத்தில் கத்த ஏலாது. அதோடு நான் இருக்கிற இடத்தில் போன் வேலை செய்யாது.

இந்த இடத்தை எப்படிச் சொல்வது? புல். வேறு ஒன்றும் இல்லை. வாசலில் நின்றால் நாலு பக்கமும் வானம் தரையில் முட்டும்வரை புல்தான். ஒரு மரம் கிடையாது. நம்முடைய வில்லில், அந்த ஆற்றோரத் தாழ்நிலத்தில், தண்ணீர் வற்றினதும் புல் வெளிக்குமே, அதைப் போல ஆயிரம் வில்லை ஒன்றாகப் போட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டால் இதுதான். ஏர் படாத நிலம். மேலே முழங்காலுக்கு வராத புல், கீழே வேர் ஆள் உயரத்துக்குப் போகிறது. காற்று நிற்பதே இல்லை. நின்றால் காதில் என் இரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

என் வேலை எண்ணுவது. ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் எந்தப் புல் எத்தனை என்று எழுதவேண்டும். பிறகு பத்து அடி தள்ளி இன்னொரு சட்டம். கார்த்திகை வரைக்கும் இதுதான். துணைக்கு டேல் என்றொரு கிழவர், இங்கே விட்டிருக்கிற காட்டெருமைகளுக்கும் வேலிக்கும் பொறுப்பு. அவர் வீடு இருபது கிலோமீற்றர் தள்ளி. கடையும் தபால் கந்தோரும் அறுபது கிலோமீற்றர். கிழமைக்கு ஒரு தரம் போவேன்.

எழுதுகிற காரணத்துக்கு வருகிறேன். மாட்டை எண்ணினால் உள்ளதுக்கு ஒன்று கூட்டித்தான் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று வாப்பா நமக்குப் பழக்கினாரே. முப்பது மாடு நின்றால் முப்பத்தொன்று. "புல்லுக்கு ஒண்டு" என்பார். அது ஏன் காக்கா? சின்ன வயதில் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இங்கே நான் எண்ணுகிறதெல்லாம் ஒன்று கூட வருகிறது. படலை வழியாக எருமைகளை விடும்போது டேலும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று எண்ணினோம். அவருக்கு அறுபது, எனக்கு அறுபத்தொன்று. மூன்று தரம் விட்டோம், மூன்று தரமும் அப்படியே. "உன்னையும் சேர்த்து எண்ணுகிறாய்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

இன்னொன்று. உம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது, கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி என்று மாமி சொன்னா. உம்மா என்னோடு கதைத்துப் பதின்மூன்று வருசம். என் குற்றம் எனக்குத் தெரியும். வெள்ளத்தன்று டிரக்டர் பெட்டிக்குள் நம் சின்னத் தங்கச்சி ஷிஃபானாவின் கையைப் பிடித்திருந்தது நான், விட்டதும் நான். ஒன்பது வயதுப் பிள்ளை. அதை நான் ஒரு நாளும் மறுக்கவில்லை. 2016இல் வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்து வாசலில் நின்றபோது உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், வாய் திறக்கவில்லை. அதற்குத்தான் உங்களை அடைத்தேன்.

உம்மா போவதற்கு முன் ஒரு தரம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அதற்கு உங்களால் ஏதும் செய்ய ஏலுமா?

தங்கச்சி,
அம்ரா


2024 ஜூன் 20
கிண்ணியா

அன்புத் தங்கச்சி அம்ராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

உன்ட கடிதம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். எங்கட தபாலை வாங்கி வைக்கிற சரீப், முத்திரையைப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு ஓடி வந்து தந்தவன். நான் மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தனான். கோபத்தில இல்லை. நீ கோபமாக எழுதியிருப்பாய் எண்ட பயத்தில.

இங்க வெயில் சொல்லி வேலை இல்லை. வில்லு வெடித்துக் கிடக்கு. மாடு நாற்பத்திரண்டு நிற்கிது, அதில மூன்று சினை. ஆனை வந்து போன கிழமை பட்டியடி வாடிக் குடிசையின்ட கூரையைப் பிரித்துப் போட்டிட்டு, உள்ள இருந்த உப்பு மூட்டைக்காக. திரும்பக் கட்டினேன். கையில சின்னக் காயம், ஒண்டும் இல்லை.

உம்மாவுக்குத் திங்களும் வியாழனும் இரத்தம் சுத்தம் பண்ணுறது. நான்தான் ஆட்டோவில கூட்டிப்போறது. உன்ட கடிதத்தைக் கையில குடுத்தேன். முத்திரையைத் தடவிப் பார்த்தா. கவரை மோந்து பார்த்தா. திருப்பித் தந்திட்டா. நான் வாசித்துக் காட்டவா எண்டு கேட்டதுக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தா.

நீ கேட்டது. வாப்பா எனக்குச் சொன்னதைச் சொல்லுறன். புல்லுக்குக் காது இருக்கு. சரியான கணக்கைக் கேட்டால் அதில ஒண்டை எடுத்துக்கொள்ளும். இல்லாத ஒண்டைக் கூட்டிச் சொன்னால் அந்த இல்லாததை எடுத்துக்கொண்டு, இருக்கிறதை விட்டிடும். அவ்வளவுதான் கதை. இப்படி நம்புறது ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறது எண்டு மௌலவி சொன்னவர். நானும் விட்டு வருசக்கணக்காச்சு. இப்ப மாட்டை வாய்விட்டு எண்ணுறதே இல்லை.

நீயும் எண்ணாதே. வேலை எண்டால் மனசுக்குள்ள எண்ணு, எழுது, வாயால சொல்லாதே. கூட வருகிறதைத் தேடிக்கொண்டு போகாதே. பொழுது சாயுறதுக்கு முதல் உள்ளுக்கு வந்து கதவைப் பூட்டு. ஆயத்துல் குர்ஸி ஓது.

வெள்ளக் கதையை எழுதவேண்டாம் தங்கச்சி. அது நசீபு, விதி. உன்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல.

காக்கா,
நிப்றாஸ்

பி.கு: அந்தக் கூட வருகிற ஒண்டு எண்ணிக்கையின்ட நடுவிலயா வருது, கடைசியிலயா? சும்மா கேட்கிறன்.


2024 ஜூலை 14
சஸ்காட்சுவான்

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

"உன்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். காக்கா, ஊர் முழுக்கச் சொன்னது. கல்யாண வீட்டில் பிள்ளைகளை என் மடியில் தரமாட்டார்கள். பேராதனையில் நாலு வருசம் படித்தேன், ஒரு லீவுக்கும் வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று நீங்கள் ஒரு தரமும் கேட்கவில்லை.

சரி. உங்கள் பி.கு.வுக்குப் பதில்: கடைசியில். எப்போதும் கடைசியில்தான்.

போன கிழமை ஒரு நேர்கோட்டில் கொடி நட்டேன். கம்பியில் செருகின சின்ன மஞ்சள் கொடிகள், பெட்டிக்கு ஐம்பது. நாற்பது நட்டேன், பத்து மிச்சம். நட்டதைப் படமும் எடுத்தேன், படத்தில் நாற்பது. பின்னேரம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். நாற்பதாவதுக்கு அப்பால் ஒரு எட்டு வைக்கிற தூரத்தில் இன்னொன்று நின்றது. அதே மஞ்சள், அதே கம்பி. பெட்டிக்குள் பார்த்தேன், பத்து பத்தாகவே இருந்தது. பெட்டியில் தவறுதலாக ஒன்று கூடப் போட்டிருப்பார்கள் என்று டேல் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அந்தக் கம்பி சரியாகக் குத்தப்படவில்லை காக்கா. பலமில்லாத கை குத்தினது போல அரைவாசிதான் இறங்கியிருந்தது.

இந்தப் புல்லின் பழைய கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னம் இந்த வெளி முழுக்க எருமையால் கறுத்துக் கிடந்ததாம். தோலுக்காகச் சுட்டே முடித்தார்கள். பிறகு வந்தவர்கள் வெளுத்துக் கிடந்த எலும்பைப் பொறுக்கி, மலையாகக் குவித்து, ரயிலில் ஏற்றி உரத்துக்கு அனுப்பினார்கள். எருமையை நம்பியிருந்த ஆதிக்குடிச் சனங்கள் பட்டினியால் செத்தார்கள், மிச்சப் பேரைத் துரத்தினார்கள். அவர்கள் கூடாரத்தோலின் ஓரம் காற்றில் பறக்காமல் வைத்த கற்கள் மட்டும் இன்னும் வட்டம் வட்டமாகக் கிடக்கின்றன. ஒரு மேட்டில் அப்படி ஒன்பது வட்டம். உள்ளே கால் வைக்க எனக்கு மனம் வருவதில்லை, ஒருவருடைய வீட்டுக்குள் கேட்காமல் நுழைவது போல இருக்கிறது.

அதற்குப் பக்கத்தில் ஒரு பாறை. எருமைகள் தலைமுறை தலைமுறையாக வந்து உடம்பை உரசி உரசி, அதன் மூலைகள் பள்ளிவாசலில் ஒளுச் செய்கிற ஹவுழ்த் தொட்டியின் ஓரம் போல வழுவழுப்பாகிவிட்டன. என் இடுப்பு உயரத்தில்தான் அந்த வழுவழுப்பு. கொடி நட்ட அன்றைக்குக் கை வைத்துப் பார்த்தேன். எருமை உரசாத அளவுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், ஓரிடம் ஈரமாக இருந்தது. மழை பெய்து மூன்று கிழமை.

இப்போது நீங்கள் வேண்டாம் என்றதை எழுதப்போகிறேன். எனக்கு இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

மார்கழி லீவுக்கு வாடிக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டோம். தை மாதம், பகல் மூன்று மணி, ஆனால் இருட்டு. ஆறு உடைத்துக்கொண்டு வருகிறது என்று வாப்பா டிரக்டரை எடுத்தார். பெட்டிக்குள் தறப்பாளுக்குக் கீழே எட்டுப் பேர்: உம்மா, நான், ஷிஃபானா, ஸெய்னுதீன் மாமா, மாமி, அவர்களின் மூன்று பிள்ளைகள். நீங்கள் வெளியே பின்பலகையில் நின்றீர்கள். தறப்பாளுக்கு மேலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினீர்கள். "எத்தினை?" என்று வாப்பா கத்தினார். "எட்டு!" என்று நீங்கள் கத்தினீர்கள். டிரக்டர் நகர்ந்தது. என் கையில் ஒரு சின்னக் கை இருந்தது, நனைந்து குளிர்ந்து. மதகடியில் பெட்டி சரிந்தபோது நான் பயத்தில் பலகையை இரண்டு கையாலும் பிடித்தேன். வெள்ளத்துக்கு ஒதுங்கின பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தறப்பாளைத் தூக்கினால் ஏழு பேர்.

மதகடியில்தான் விழுந்திருப்பாள் என்று எல்லோரும் அங்கே தேடினார்கள். கிடைக்கவில்லை. அடக்க ஜனாஸா கூட இல்லை. அன்று இரவு உம்மா எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னா, "நீதான் கைய விட்ட." அதுதான் உம்மா என்னோடு கதைத்த கடைசிக் கதை.

நீங்கள் எட்டு என்று எண்ணியிராவிட்டால், அவள் ஏறவே இல்லை என்றாவது நினைத்து நான் தப்பியிருப்பேன்.

அம்ரா


2024 ஆகஸ்ட் 9
கிண்ணியா

தங்கச்சி,

ஸலாம்.

இந்தக் கடிதத்தை ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. இதைக் கிழிக்க மாட்டன் எண்டு அல்லாஹ்வின்ட பேரால சொல்லிவிட்டுத்தான் பேனையைத் தொட்டனான்.

நான் தொட்டது ஏழு தலை.

எட்டு எண்டு சொன்னது வாய். கை ஏழோட நின்றது. சின்ன வயதில இருந்து பட்டியில எண்ணி எண்ணி, உள்ளதுக்கு ஒண்டு கூட்டிச் சொல்லுற நாக்கு இது. நினைத்துச் சொல்லல்ல தங்கச்சி. மழை, இருட்டு, ஆறு இரையிற சத்தம். வாப்பா எத்தினை எண்டு கேட்டார், நாக்கு பட்டியில சொல்லுற மாதிரிச் சொல்லிட்டு. சொன்ன பிறகு என்ட காதிலயே எட்டு எண்டு விழுந்தது. எட்டுத்தானே வேணும், சரியாப் போச்சு எண்டு நானும் நம்பிட்டன்.

மூன்றாம் நாள்தான் விளங்கினது. தண்ணி கொஞ்சம் இறங்க, தோணியில போய் மேட்டில தப்பி நின்ற மாடுகளை எண்ணினனான். பதினாறு நின்றது. வாய் பதினேழு எண்டது. அந்த இடத்தில தோணியை விட்டிட்டு இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்கி நின்றேன், எவ்வளவு நேரம் எண்டு தெரியாது.

பிறகு வாடிக்குப் போனேன். கூரை போயிட்டு. கன்று கட்டுற கட்டை மட்டும் நின்றது. அதில கயிறு கிடந்தது. அறுந்த கயிறு இல்லை, அவிழ்த்த கயிறு. எல்லாரும் பெட்டியில ஏறக்குள்ள கன்றை அவிழ்த்துவிட அவள் இறங்கி ஓடியிருக்கிறாள். ஏறி வர நாங்கள் நிற்கல்ல. மதகடியில நாலு நாள் தேடினோம், வாடிப்பக்கம் ஒரு ஆளும் தேடல்ல. ஏன் தேட? பெட்டியில எட்டுப் பேர் இருந்தது எண்டு நான்தானே சாட்சி.

நீ கையை விடல்ல. அவள் பெட்டியிலயே இருக்கல்ல.

அந்தக் கயிறை அரிசிப் பையில சுற்றிக் கூரை வளைக்குள்ள செருகி வைத்தேன். உன்னைப் பார்த்து ஊர் கதைக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான். வாப்பாவிடம் சொல்லல்ல, அவர் தெரியாமலே போயிட்டார். வாசலில நீ நின்ற அண்டைக்கு வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டன். எனக்கு வெட்கமாக் கிடக்கு எண்டு எழுதினால் அது போதாது, அதுக்கு மேல எழுத எனக்குத் தெரியாது.

ஏன் இப்ப எழுதுறன் எண்டால், உன்ட கொடிக்கதையை வாசித்த பிறகு படுக்க ஏலாமல் கிடக்கு. மாட்டை நான் வாய்விட்டு எண்ணுறதில்லை எண்டு சொன்னேன் தானே. காரணம் மௌலவி இல்லை. அந்தத் தோணி நாளுக்குப் பிறகு நான் எப்ப எண்ணினாலும் ஒண்டு குறையுது. நாற்பத்திரண்டு மாடு படலைக்குள்ள போகும், எனக்கு நாற்பத்தொன்று வரும். குறைஞ்சதைத் தேடி வில்லு முழுக்கத் திரிவேன். பொழுது பட்டு மஃரிபுக்குத் திரும்பி வந்து ஒவ்வொண்டாப் பேர் சொல்லிப் பார்த்தால் எல்லாம் நிற்கும். பதின்மூன்று வருசமா எனக்கு ஒண்டு குறைவு. இப்ப உனக்கு ஒண்டு கூட. இது ரெண்டையும் பக்கத்தில வைத்துப் பார்.

அரைவாசி இறங்கின கம்பி எண்டு எழுதியிருந்தாய். அவள் எதையும் முழுசாக் குத்த மாட்டாள். வாடியில முளை அடிக்கக் குடுத்தாலும் அரைவாசியில விட்டிட்டு ஓடிருவாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

நிப்றாஸ்


2024 ஆகஸ்ட் 30
சஸ்காட்சுவான்

நிப்றாஸ்,

இதில் ஸலாம் இல்லை, காக்காவும் இல்லை. வாசிக்கும்போது தெரிந்துகொள்ளுங்கள்.

தபால் கந்தோர் வாசலிலேயே பிரித்தேன். வாகனத்துக்குள் இருந்து இரண்டு மணித்தியாலம் அழுதேன். உங்களை அடிக்கவேண்டும் போல் இருந்தது. எனக்கு அப்போது வயது பத்தொன்பது. முப்பத்திரண்டு ஆகிவிட்டது. எத்தனை பேர் என்னைக் கேட்டு வந்தார்கள், நான் மாட்டேன் என்றேன், ஏன் தெரியுமா? பிள்ளை பெற்றால் அதன் கையையும் விட்டுவிடுவேன் என்று. பதின்மூன்று வருசம் அந்தக் கயிறு வீட்டுக் கூரையில் இருந்திருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். உம்மாவிடம் நீங்கள் சொல்லவேண்டும். முழுவதும், கயிறு உட்பட. நீங்கள் சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன், சந்தியில் நின்று சொல்வேன். உம்மா தெரியாமல் போகக்கூடாது. கையை விட்டவள் நான் இல்லை என்று அறிந்த வாயால் என்னைக் கூப்பிடவேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன், பதில் தெரிந்தால் எழுதுங்கள். மூன்று நாளாக இதையேதான் யோசிக்கிறேன். மாமியின் கடைக்குட்டிக்கு அப்போது இரண்டு வயதும் இல்லை, மாமியின் மடியில் சேலைக்குள் இருந்தது. மற்ற இரண்டு பொடியன்களும் முன்பலகையில் மாமாவோடு. என் பக்கத்தில் உம்மா இருந்தா, மற்றப் பக்கம் பலகை. வாடியடியிலிருந்து மதகடி வரைக்கும் என் கையில் ஒரு கை இருந்தது. சின்னக் கை. விரல்கள் என் விரலுக்குள் கோர்த்திருந்தன. சரிவில் நான் பிடியை விட்டபோது அது என்னைப் பிடிக்க முயன்றது, அதுவும் ஞாபகம் இருக்கிறது.

ஷிஃபானா ஏறவில்லை என்றால் அது யாருடைய கை?

நேற்றுக் கடைசிச் சட்டத்தை வைத்துவிட்டு எழும்பினேன். காற்று இல்லை. புல் அசையாமல் நின்றது, எனக்கு ஒரு எட்டுத் தள்ளி ஓரிடத்தில் மட்டும் சாய்ந்து கிடந்தது, ஆள் இருந்து எழும்பின மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கவே ஒவ்வொரு இதழாக நிமிர்ந்தது. உங்கள் புத்திமதிப்படி நான் ஓடியிருக்க வேண்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தரை குளிர்ந்திருந்தது, ஆற்றுச் சேற்று மணம் அடித்தது. இங்கே ஆறு இல்லை.

உம்மாவிடம் சொல்லுங்கள்.

அம்ரா


2024 செப்டம்பர் 27
கிண்ணியா

தங்கச்சி அம்ராவுக்கு,

நீ ஸலாம் சொல்லாவிட்டாலும் நான் சொல்லவேணும். அஸ்ஸலாமு அலைக்கும்.

சொல்லிட்டன். போன வியாழன், ஆஸ்பத்திரியால வந்து, அஸர் தொழுத பிறகு. கூரையில இருந்து கயிறை எடுத்து உம்மாட கட்டிலில வைத்தேன். கால்மாட்டில தரையில இருந்து, உனக்கு எழுதின மாதிரியே ஒண்டும் விடாமல் சொன்னேன். உம்மா கயிறைக் கையில எடுத்து முனையைப் பார்த்தா, பிறகு மடியில வைத்தா.

நான் முடித்த பிறகு உம்மா சொன்னதை அப்படியே எழுதுறன். எனக்காகக் கூட்டிக் குறைக்கல்ல. கூட்டிச் சொல்லிப் பட்டது போதும்.

"மகன், எனக்கு அது தெரியும். முதல் கை பட்டது என்ட தலையில. ஒவ்வொண்டா தொட்ட. அந்த நேரம் எனக்கும் எட்டு எண்டுதான் காதுல விழுந்த, நானும் உங்கட வாப்பாவோட பட்டியில கிடந்து கூட்டின கணக்குக் கேட்டுப் பழகினவள்தானே. பள்ளிக்கூடத்துல பிள்ளைய காணல்ல எண்டக்குள்ளதான் உன்ட நாக்கு ஒண்டு கூட்டிச் சொல்லுறது ஞாபகம் வந்த. அப்ப வாடிக்கு மேலால தண்ணி. இனி எங்க தேடுற?"

அப்ப ஏன் உம்மா தங்கச்சியைச் சொன்ன எண்டு கேட்டேன். நான் எழும்பி விளக்கைப் போட்டு வந்த பிறகுதான் சொன்னா.

"உன்ட முகத்தப் பாத்தன். ஏழு எண்டு ஒராள் சொன்னால் நீ அந்த ஆத்துக்குள்ள இறங்கியிருப்பாய். ஒண்டு போயிட்டு, ரெண்டாவதையும் குடுக்க எனக்கு ஏலாது. பழி யாரிலயாவது கிடக்க வேணும். சும்மா விட்டால் எல்லாரும் எண்ணத் தொடங்குவாங்க. அவள் தாங்குவாள். சின்னதுல இருந்தே அவள் கல்லு. நீ தாங்கமாட்டாய்."

பதின்மூன்று வருசம் அவளோட ஏன் கதைக்கல்ல எண்டு கேட்டேன். "கதைச்சால் வாய் தவறிச் சொல்லிருவன். அவள் உம்மா எண்டு கூப்பிட்டால் என்னால மறைக்க ஏலாது. அதுதான் முகத்தத் திருப்பினது." இதைச் சொல்லக்குள்ளதான் உம்மா அழுதா. நானும் அழுதனான். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வீட்டில ஒராளும் சத்தம் போட்டு அழுததில்லை.

இப்ப உன்ட பேரைச் சொல்லுறா. ஆஸ்பத்திரிக் கட்டிலிலயும் சொல்லுறா, தாதிமார் யார் அது எண்டு கேட்கிறாங்க. டொக்டர் காலம் சொல்லல்ல, ஆனால் தலையை ஆட்டுறார். ஏலுமெண்டால் கெதியா வா.

பள்ளிவாசலிலயும் ஜும்ஆவுக்குப் பிறகு எழும்பிச் சொன்னேன். ஸெய்னுதீன் மாமா என்னைக் கட்டிப் பிடித்தார். சிலர் முகம் பார்க்காமல் போனாங்க. அது எனக்குள்ளதுதான்.

அந்தக் கையைப் பற்றிக் கேட்டாய். மாமாவிடமும் மாமியிடமும் கேட்டேன். நீ சொன்னது சரி, உன்ட பக்கத்தில பிள்ளை ஒண்டும் இல்லை. உம்மாவிடம் கேட்டேன். "அந்தக் கை என்ட மடிக்கு மேலால போனது. நானும் தொட்டன். குளிர். அதாலதான் எட்டு எண்டு நம்பினன்" எண்டு சொல்லிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டா. அதுக்கு மேல நான் கேட்கல்ல. நீயும் கேட்காதே.

காக்கா எண்டு போட எனக்கு உரிமை இருக்கோ தெரியல்ல.

நிப்றாஸ்


2024 அக்டோபர் 19
சஸ்காட்சுவான்

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காக்கா என்றே போடுகிறேன், உங்களை மன்னித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம் எடுக்கவேண்டாம். அதற்கு நாள் எடுக்கும். பள்ளிவாசலில் எழும்பிச் சொன்னீர்களே, அது எனக்குப் பெரிய காரியம்.

நேற்று முதல் பனி விழுந்தது. புல்லின் நுனி மட்டும் வெளியே தெரிகிறது. வேலையைப் பாதியில் விட்டு வருகிறேன். டேல் எருமை மயிரில் பின்னின கையுறை ஒரு சோடி தந்தார். விமானத்துக்குப் பதிவு செய்துவிட்டேன், இருபத்தேழாம் திகதி கட்டுநாயக்காவில் இறங்குவேன். நீங்கள் வரவேண்டாம், உம்மாவை விட்டு அசையாதீர்கள். நான் கோட்டை ஸ்டேசனில் ரயில் பிடித்து வந்துவிடுவேன். இந்தக் கடிதம் எனக்குப் பிந்தித்தான் வரும் என்பதால் இதைப் படம் எடுத்து, தபால் கந்தோரடியில் போன் வேலை செய்கிற இடத்தில் நின்று வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறேன். உங்களைத் திறந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து உம்மா சொன்னதைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். உங்களுடைய குற்றம் எனக்கு விளங்குகிறது. பழக்கம், பயம், வெட்கம். உம்மாவுடையதுதான் விளங்கவும் விளங்குகிறது, பொறுக்கவும் ஏலவில்லை. உங்களைக் காப்பாற்ற என்னைக் கொடுத்திருக்கிறா. இரண்டு பிள்ளைகளில் எது பாரம் தாங்கும் என்று பார்த்து, அதன் தலையில் வைத்திருக்கிறா. நான் என்ன செய்வேன் என்று நினைத்தா? முதல் வருசம் பேராதனையில் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்த நாட்கள் எத்தனை என்று உம்மாவுக்குத் தெரியாது. அறைச் சிநேகிதி ஒருத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்து வந்ததும் தெரியாது. என் கையை யாரும் தொட்டால் இன்றைக்கும் உதறுகிறேன், அதுவும் தெரியாது. நீங்கள் இறங்கியிருக்கக்கூடிய அதே ஆற்றுக்குள், காக்கா, நான் இறங்காமல் நின்றது கல் என்பதால் இல்லை.

உம்மாவைப் பார்த்ததும் நான் காலடியில் விழுந்து அழுவேன், அது நிச்சயம். அழுதால் இதைச் சொல்லமாட்டேன். உம்மா என் தலையைத் தடவினால், பாவம், நோயாளி, விட்டுவிடுவோம் என்று எனக்கு வந்துவிடும். அதனால் நான் வாசலுக்கு வரமுன்னம், உம்மாவுக்கு நல்ல நினைவு இருக்கிற நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்து கீழே உள்ளதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

உம்மா, நான் தாங்கவில்லை. ஒரு நாளும் தாங்கவில்லை. அது தெரிந்துகொண்டு என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.

அம்ரா